கூரையில் நிற்காத காந்தம்

கிவியார்வி, மிச்சிகன்
ஏப்ரல் 9, 1986

அன்புள்ள ரெய்னோ,

நீ கப்பலேறிப் பதினைந்து நாள்தான் ஆகிறது. அதற்குள் ஒரு காரியம் செய்துவிட்டேன். திட்டுவதாக இருந்தால் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு. ஊர் ஆம்புலன்ஸ் குழுவில் சேர்ந்துவிட்டேன். குளிர்காலம் முழுவதும் உன்னைக் கேட்டுக் கேட்டு வாய் வலித்துப்போனது. "பாக்கலாம்" என்பதைத் தவிர உன்னிடமிருந்து வேறு பதிலே வரவில்லை. நீ பார்த்து முடிக்கிறவரை காத்திருந்தால் என்னையே ஸ்ட்ரெச்சரில் தூக்கவேண்டியிருக்கும்.

குழுவில் ஒன்பது பேர், பேஜர் ஐந்துதான். புதிதாகச் சேர்ந்தவளுக்குக் கிடையாது. குழுத்தலைவி ஹில்மா மாக்கியிடம் கேட்டேன். "ரேடியோ ஸ்கேனர் ஒண்ணு வாங்கி வண்டில வச்சுக்கடி. ஆம்புலன்ஸுக்கு அழைப்பு வந்தா அதுலயே கேக்கும், ஓடி வந்துடு. மூணு அழைப்புக்கு வரலைன்னா பேரை எடுத்துடுவேன், அப்புறம் என் மேல வருத்தப்படக் கூடாது" என்றாள். வாங்கிவிட்டேன். உன் பிக்கப்பில், கியர் கம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் அதோடு வந்த ரப்பர் ஆன்டெனா வண்டிக்குள்ளிருந்து எதையும் பிடிப்பதில்லை. பாலோ மேட்டைத் தாண்டினால் வெறும் இரைச்சல். ஏற்கெனவே ஒரு அழைப்பைத் தவறவிட்டேன்.

வெளியே ஒரு ஆன்டெனா வைத்தே ஆகவேண்டும். கூரையில் ஓட்டை போட்டால் நீ என்னைச் சும்மா விடமாட்டாய். சாலை உப்பு அந்த ஓட்டையை இரண்டே குளிரில் தட்டளவு ஆக்கிவிடும் என்று நீ சொல்வதும் சரிதான். ஓட்டை போடாமல் என்ன வழி என்று, ஹார்டுவேர் கடையின் பின்பக்கம் ரேடியோ விற்கிறானே ரே பியூட்ரி, அவனிடம் கேட்டேன். பத்து வருடமாக ரேயும் இந்தக் குழுவில்தான் இருக்கிறான். கேட்டதும் ரே நாலு வகையை எடுத்து மேசைமேல் பரப்பிவிட்டான்.

"காந்தம் வச்சது ஒண்ணு, கூரைல அப்படியே ஒட்டிக்கும். கண்ணாடில ஒட்டுறது ஒண்ணு, ஆனா நம்ம குளிருக்குப் பசை விட்டுடும். ஜன்னல் கண்ணாடி மேல கவ்வுறது ஒண்ணு, கண்ணாடிய முழுசா ஏத்த முடியாது, காத்து காதுல விசிலடிக்கும். பானெட் ஓரத்துல கிளாம்ப் போட்டு முறுக்குறது ஒண்ணு. எதுக்கும் ரெய்னோவைக் கேட்டுக்க. வண்டி அவன் வண்டி" என்றான்.

மூன்று தடவை போய்விட்டேன், ரே ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை. ரே போடும் காபி நீ போடும் காபியைவிட நன்றாகவே இருக்கிறது. எது வாங்கட்டும், சீக்கிரம் எழுது. இன்னும் இரண்டு அழைப்பு தவறினால் என் பெயர் போய்விடும்.

லெம்பி


ஹார்லன் டௌட் கப்பல், டெட்ராய்ட் ஆறு
ஏப்ரல் 20

லெம்பிக்கு,

ஓடும் கப்பலுக்குத் தபால் படகு கயிற்றில் கட்டி ஏற்றிவிட்ட வாளியில் எனக்கென்று உன் கடிதம் ஒன்றுதான் இருந்தது. சுக்கான் பிடிக்கும் என் முறை முடிந்து இறங்கியதும் படித்தேன். அப்புறம் கையில் பென்சிலோடு இன்னொரு முறை படித்தேன். அதில் என் பெயர் இரண்டு முறை வருகிறது, அதிலும் ஒன்று அவன் வாயால். ரே என்கிற பெயர் ஐந்து முறை.

குழுவில் சேர்ந்தாகிவிட்டது, இனி நான் சொல்ல என்ன இருக்கிறது. ஊருக்கு உதவுவது நல்லதுதான். ஆனால் தேவாலயத்தில் பாடுகிறார்கள், பள்ளிக்கூடத்தில் ரொட்டி சுட்டு விற்கிறார்கள், அதெல்லாம் உதவி இல்லையா? பியூட்ரி இருக்கிற குழுதான் உன் கண்ணில் பட்டதா?

ஆன்டெனாவை என்னிடம் விடு. காந்தம் வைத்ததையே வாங்கு. கூரைக்கு நட்டநடுவில் வை. அடியில் சுற்றிலும் ஒரே அளவு இரும்பு இருந்தால்தான் எல்லாத் திசையும் ஒன்றுபோலக் கேட்கும். ஓரத்தில் வைத்தால் ஒரு பக்கம் காது மந்தமாகிவிடும். ஆம்புலன்ஸ் அலைவரிசைக்குக் கம்பி பதினெட்டு அங்குலம் இருக்கட்டும். ஒயரைக் கதவு ரப்பருக்குள் கொடுத்து உள்ளே இழு. வாரம் ஒருமுறை தூக்கி அடிப்பக்கத்தைத் துடை, மணல் சேர்ந்தால் பெயிண்டைக் கீறும். நம் வண்டியின் கூரை சுத்தமான இரும்பு, எழுபது மைல் வேகத்திலும் காந்தம் அசையாது.

இதற்கு ஒரு தடவை கடைக்குப் போனால் போதும். காபி வீட்டில் குடி.

ரெய்னோ


கிவியார்வி
மே 1

அன்புள்ள ரெய்னோ,

பெயர்களை எண்ணுகிற மனிதனை இப்போதுதான் பார்க்கிறேன். இந்தக் கடிதத்துக்கும் பென்சில் எடுத்துக்கொள்.

நீ சொன்னபடியே காந்தம் வாங்கினேன். நீ சொன்னபடியே நட்டநடுவில் வைத்தேன். வைக்கும்போதே பிடிப்பு போதவில்லை என்று தோன்றியது, ஆனால் என் வீட்டுக்காரன் பெரிய ஆள், அவனுக்குத் தெரியாததா என்று விட்டுவிட்டேன். அன்று மதியமே அழைப்பு வந்தது, மரம் வெட்டுகிற இடத்தில் ஒருவன் கால்மேல் மரம் விழுந்துவிட்டது. வளைவில் திரும்பினேன், காந்தம் கூரையிலிருந்து வழுக்கி, ஒயரில் தொங்கிக்கொண்டு கதவில் டங்கு டங்கென்று அடிக்க ஆரம்பித்தது. வழி சொல்கிற நேரத்தில் ஸ்கேனர் வாயை மூடிக்கொண்டது. நான் போய்ச் சேர்வதற்குள் அவனை ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது. ஹில்மா இரண்டாவது அழைப்பு என்று விரலைக் காட்டினாள். வரும் வழியில் அழுதேன்.

மறுநாள் ரே வந்து பானெட் ஓரத்தில் கிளாம்ப் போட்டுக்கொடுத்தான். ஓட்டை எதுவும் கிடையாது, இரண்டு சின்னத் திருகாணி உள்பக்கமாக முறுக்கிக் கவ்வுகிறது, அவ்வளவுதான். ஒரு மணி நேரம் பானெட்டுக்குள் இரண்டு பேரும் தலையை விட்டுக்கொண்டு நின்றோம். ஓரத்தில் வைத்தால் காது மந்தம் என்றாயே, எஸ்கனாபா துறைமுகம் வரைக்கும் கணீரென்று கேட்கிறது. நேற்று ஏரிக்கரையில் ஒரு கிழவருக்கு நெஞ்சுவலி. எல்லோருக்கும் முன்னால் போய்ச் சேர்ந்தது நான்தான். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். எனக்கு நாற்பது வயதில் ஒரு காரியம் கைவந்திருக்கிறது, ரெய்னோ. அதைப் பற்றி ஒரு வரி கேட்டு எழுது.

லெம்பி


ஹார்லன் டௌட், கேரி துறைமுகம்
மே 12

லெம்பிக்கு,

கிழவர் பிழைத்தாரா? கேட்கச் சொன்னாய், கேட்டுவிட்டேன். இனி என் கேள்வி.

முப்பது வருடமாக இரும்போடு புழங்குகிறவன் நான். இரும்புக் கூரையில் வைத்த காந்தம் வழுக்காது. சமையலறையில் எல்லோரிடமும் கேட்டேன். சுக்கானில் எனக்கு அடுத்த முறைக்காரன் ஸ்டானிடமும் அப்படித்தான் ஒரு ஆன்டெனா இருக்கிறது. "அத எடுக்கறதுக்கே ரெண்டு கை வேணும்யா. வழுக்குச்சுன்னா அது இரும்பே இல்ல, வேற ஏதோ வண்டி" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிச் சிரித்தான். தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்துவந்தேன்.

நம் ஊரில் இரும்பு இல்லாத வண்டி ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. பியூட்ரியின் சிவப்புக் கார், முழுக்க ஃபைபர் உடம்பு. அதில் காந்தம் நிற்காது என்று பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். அப்படியானால் அன்று மதியம் நீ எந்த வண்டியில் இருந்தாய், லெம்பி? யார் ஓட்டினார்கள்? வளைவில் திரும்பினேன் என்று எழுதியிருக்கிறாய், திரும்பினோம் என்று எழுதவந்து மாற்றிக்கொண்டாயோ?

ஒரு மணி நேரம் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றீர்களாம். இதை எனக்கு எழுத உனக்கு எப்படி மனம் வந்தது? இங்கே சுக்கானைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது அந்த பானெட்தான் என் கண்முன் நிற்கிறது. பொறாமைக்காரன் என்று சொல், சொல்லிக்கொள். ஆமாம், பொறாமைதான்.

குழுவை விட்டு விலகு. ஸ்கேனரை அவனிடமே திருப்பிக்கொடு. இல்லையென்றால் நவம்பரில் நான் வீட்டுக்கு வருவேன் என்று எதிர்பார்க்காதே.

ரெய்னோ


கிவியார்வி
மே 21

ரெய்னோ,

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் கிழித்துப்போடத்தான் நினைத்தேன். அப்புறம் ஒரு வரி உறுத்தியது. இரும்பில் காந்தம் வழுக்காது என்கிறாய், அதில் நீ பொய் சொல்கிற ஆள் இல்லை. நான் இருந்ததோ உன் வண்டியில், தனியாக. அப்படியானால் கோளாறு எங்கே?

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் மளிகைச் சீட்டைப் பிடித்திருக்கும் காந்தத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். இந்த ஊரில் பழைய வண்டி வாங்கப் போகிறவன் சட்டைப்பையில் ஒரு காந்தத்தோடு போவதெல்லாம் எனக்கும் தெரியும். நம் சொந்த வண்டிக்கு அது வேண்டியிருக்கும் என்று நினைக்கவில்லை. ஓரமெல்லாம் பிடித்தது. நடுவில் வைத்தால் பொத்தென்று விழுந்தது. எங்கெல்லாம் விழுகிறதோ அங்கெல்லாம் சாக்பீஸால் கோடு போட்டேன். ஓட்டுநர் சீட்டுக்கு மேல் கொஞ்சம், பக்கத்துச் சீட்டுக்கு மேல் நிறைய. கரண்டிக் காம்பால் சுரண்டினேன். பெயிண்டுக்குக் கீழே பட்டி, விரல் கனத்துக்கு அப்பியிருக்கிறது. கூரை நசுங்கி, தட்டி எடுத்து, பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்த வண்டி இது. தலைகீழாகப் புரண்டிருக்கிறது.

இந்த வண்டிக்கு எப்போது பெயிண்ட் அடித்தாய் என்று உட்கார்ந்து யோசித்தேன். எண்பத்திரண்டு ஜனவரி. "கல்யாண நாளுக்கு உனக்குப் புது வண்டி மாதிரி இருக்கட்டும்னு அடிச்சேன்" என்று சொன்னாய். நானும் பைத்தியக்காரி, ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கப்பலைப் பதினெட்டாம் தேதிதான் துறைமுகத்தில் கட்டினோம், நேரே வீட்டுக்கு வருகிறேன் என்றாய். நூலகத்துக்குப் போய் அந்த மாதப் பத்திரிகைகளை எடுத்து, கப்பல் செய்திப் பகுதியைப் பார்த்தேன். ஹார்லன் டௌட் குளிர்கால ஓய்வுக்காக எஸ்கனாபாவில் கட்டப்பட்டது ஜனவரி ஏழு. பதினொரு நாள் எங்கே இருந்தாய்?

எஸ்கனாபாவுக்கும் நம் வீட்டுக்கும் நடுவில் எங்கே உன் வண்டி புரண்டிருந்தாலும் போயிருக்கக்கூடியது எங்கள் ஆம்புலன்ஸ்தான். ரேயிடம் போய்க் கேட்டேன். அவன் முகம் மாறிவிட்டது. கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தான்.

"லெம்பி, ஆம்புலன்ஸ்ல பாத்தத ஆம்புலன்ஸ்லயே விட்டுடணும். சேரும்போது நானும் கையெழுத்துப் போட்டேன், நீயும் போட்டிருக்க. என்னைக் கேக்காத. உன் வீட்டுக்காரனைக் கேளு."

ஒன்றும் நடக்கவில்லையென்றால் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருப்பான். நாலரை வருடமாக அவன் வாயைத் திறக்கவில்லை, ரெய்னோ. அந்த ஆளைத்தான் நீ சந்தேகப்படுகிறாய்.

பக்கத்துச் சீட்டுக்கு மேல்தான் கூரை அதிகம் நசுங்கியிருக்கிறது. அங்கே யார் உட்கார்ந்திருந்தது? நாலரை வருடம் அதே சீட்டில் நான் உட்கார்ந்து தேவாலயத்துக்குப் போயிருக்கிறேன். உனக்கு மட்டும்தான் பொறாமை வரும் என்று நினைத்தாயா? எனக்கு வயிறு எரிகிறது. இரண்டு நாளாக அந்தச் சீட்டில் கையை வைக்கக்கூட முடியவில்லை.

பெயரை உன் கையால் எழுது.

லெம்பி


ஹார்லன் டௌட், எரி ஏரி
மே 30

லெம்பி,

நாலு தாள் கிழித்தாயிற்று. இது ஐந்தாவது.

நடீன். அந்த வருடம் எங்கள் சமையலறையில் இரண்டாவது ஆளாக இருந்தாள். கப்பலைக் கட்டியதும், அந்த வருடம் துறைமுகத்தில் விட்டிருந்த நம் வண்டியில் அவளை வீட்டில் இறக்கிவிடுகிறேன் என்று கூட்டிக்கொண்டு போனேன். இறக்கிவிட்டுத் திரும்பவில்லை. அங்கேயே ஒரு வாரம் இருந்தேன். அப்புறம் மனசாட்சி உறுத்தி, இனி வேண்டாம் என்று சொல்ல அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு காபிக் கடைக்குக் கிளம்பினேன். வழியில் அவள் அழுதாள், நான் அவள் பக்கம் பார்த்தேன், பனிக்கட்டியில் வண்டி போய்விட்டது. எனக்கு ஒரு கீறல் இல்லை. அவளுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. கதவைப் பிளந்து அவளை வெளியே எடுத்தது பியூட்ரி. அவன் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு ஸ்ட்ரெச்சரைத் தூக்கப் போனான். அதற்கப்புறம் அவளை நான் பார்க்கவில்லை, அடுத்த வசந்தத்தில் அவள் வேறு கப்பலுக்குப் போய்விட்டாள். பட்டறைக்காரன் கூரைத் தகட்டையே மாற்றிவிட்டேன் என்றான். நம்பினேன். இல்லாவிட்டால் நடுவில் வை என்று நானே எழுதியிருப்பேனா?

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். நாலரை வருடமாக எனக்குக் குறுகுறுத்தது. அவன் எதிரில் வந்தால் தெருவின் அந்தப் பக்கம் போவேன். நீ அந்தக் குழுவில் சேரக் கூடாது என்று குளிர்காலம் முழுவதும் இழுத்தடித்தது இதற்காகத்தான். முதலில், அவன் உன்னிடம் சொல்லிவிடுவானோ என்ற பயம். அப்புறம் உன் கடிதத்தில் அவன் காபி வந்ததும் வேறு பயம் பிடித்துக்கொண்டது. ஒரு நல்ல மனிதன், கணவன் ஊரில் இல்லாத பெண், தினம் தினம் ஒரு வேலை. இது எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியும், லெம்பி. நான் நடத்திப் பார்த்தவன்.

குழுவை விடு என்று எழுதியதை மறந்துவிடு. ஜூன் பதினான்காம் தேதி எஸ்கனாபாவில் தாது ஏற்ற வருகிறோம். மாற்று ஆள் கேட்டிருக்கிறேன், கிடைத்தால் அங்கேயே இறங்கிவிடுவேன். வாசலுக்கு வருகிறேன். உள்ளே விடுவதும் விடாததும் உன் இஷ்டம்.

ரெய்னோ


கிவியார்வி
ஜூன் 6

ரெய்னோ,

பெயர் தெரிந்தால் ஆறும் என்று நினைத்தேன். ஆறவில்லை. இப்போது அவளுக்கு என்ன வயது, உயரமா, என்ன சமைப்பாள் என்று தெரியவேண்டியிருக்கிறது. அந்த ஒரு வாரம் காலையில் காபி யார் போட்டது என்றுகூடத் தெரியவேண்டும் போலிருக்கிறது. நீ எழுதிவிடாதே, எழுதினால் அதையும் வைத்துக்கொண்டு மாரடிப்பேன்.

அவள் தோள்பட்டை எலும்பு முறிந்து கிடந்ததை நினைத்தால் பாவமாகவும் இருக்கிறது. இந்த வேலைக்கு வந்தபின் அது ஒன்று சேர்ந்துகொண்டது, யார்மேலும் முழுசாகக் கோபப்பட முடிவதில்லை. உன்மேல் முடிகிறது.

மன்னித்துவிட்டேன் என்று எழுதப் பார்த்தேன், வரவில்லை. தொலைந்து போ என்று எழுதப் பார்த்தேன், அதுவும் வரவில்லை. இருபது வருடம் ஒருவனோடு வாழ்ந்துவிட்டு இரண்டு வார்த்தையில் முடிக்க எனக்குத் தெரியவில்லை.

ஒன்று உனக்குச் சொல்லவேண்டும். யுஹான்னுஸ் கோடைத் திருவிழாவுக்கு ஏரிக்கரையில் தீ மூட்டி ஆடுவார்கள் அல்லவா, இந்த வருடம் இருபத்தொன்றாம் தேதி சனிக்கிழமை. ரே என்னைக் கூப்பிட்டான். "தப்பா எடுத்துக்காத லெம்பி, நீ தனியா உக்காந்திருப்பியேன்னுதான்" என்றான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அது உன் கடிதம் வருவதற்கு முன்னால். வந்தபின் அவன் மறுபடி கேட்கவில்லை, நானும் மறுபடி பதில் சொல்லவில்லை.

அதனால் பதினான்காம் தேதி இறங்காதே. இன்னும் இரண்டு நடை போய்விட்டு வா. இருபத்தைந்தாம் தேதி மறுபடி எஸ்கனாபாவுக்கு வருவீர்கள், அன்று இறங்கு. இடையில் பதினொரு நாள். நீ எடுத்துக்கொண்ட அளவுதான், ஒரு நாள்கூட அதிகம் கேட்கவில்லை. அந்தப் பதினொரு நாளும் நான் எங்கே இருந்தேன், யாரோடு இருந்தேன், தீ மூட்டினபோது ஆடினேனா, உட்கார்ந்திருந்தேனா என்று நீ கேட்கக் கூடாது. ஒன்றும் நடக்காமலும் இருக்கலாம். நானாகச் சொல்லமாட்டேன், கேட்டாலும் சொல்லமாட்டேன். எதுவுமே தெரியாமல் நான் இருந்ததுபோல் நீ இருக்கவேண்டாம், பாதி தெரிந்தும் மீதி தெரியாமல் இருந்தால் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியவேண்டும்.

அதைச் சுமந்துகொண்டு வரமுடிந்தால் வீட்டுக்கு வா, கதவு திறந்திருக்கும். வாசலில் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்பதாக இருந்தாலும் கப்பலிலேயே இருந்துகொள்.

லெம்பி


ஹார்லன் டௌட், மிச்சிகன் ஏரி
ஜூன் 15

அன்புள்ள லெம்பி,

நேற்று எஸ்கனாபாவில் ஒன்பது மணி நேரம் கட்டியிருந்தோம். மாற்று ஆள் பையோடு வந்து ஏணியடியில் நின்றான். உன் கடிதம் என் சட்டைப்பையில் இருந்தது. இருந்தும் என் பையையும் எடுத்துவைத்துக்கொண்டுதான் மேல்தளத்தில் நின்றேன், ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை.

நாலு மணி இருக்கும். கரையோரச் சாலையில் நம் வண்டி போயிற்று. பானெட் ஓரத்தில் ஆன்டெனா ஆடிக்கொண்டே போனதைப் பார்த்தேன். ஓட்டியது நீதான். பக்கத்துச் சீட்டில் இன்னொரு தலை தெரிந்தது. ஆணா பெண்ணா என்று பார்ப்பதற்குள் தானியக் கிடங்கு மறைத்துவிட்டது. ஹில்மாவாக இருக்கலாம், யாராவது நோயாளியாக இருக்கலாம், யாராகவும் இருக்கலாம். ஸ்டான் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னய்யா, எறங்கலியா?" என்றான். கம்பியைப் பிடித்திருந்த கையை எடுக்கவே எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

மாற்று ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டேன். ராத்திரி தூக்கமில்லை. இனி பத்து நாளும் அப்படித்தான் இருக்கும்.

இருபத்தைந்தாம் தேதி வருகிறேன். பக்கத்தில் இருந்தது யார் என்று கேட்கமாட்டேன்.

ரெய்னோ